ஆவணி நீங்கலாக

அநியாயம் நடந்தது எனக்கு, அக்கா. செய்தவர்கள் என் அப்பா, என் அம்மா, அப்புறம் நாலு எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்தை மன்னித்துவிடலாம், அதற்கு விவரம் போதாது. மற்ற இருவரும் சுயநினைவோடு செய்தார்கள். முப்பத்தொரு நாள், முழு ஆவணி மாதம், நான் வேலைநிறுத்தம் செய்தேன். அதை ஒரு ஜீவன் கவனிக்கவில்லை. கவனிக்காததோடு விட்டார்களா? அந்த ஆவணியில் நான் பிரமாதமாக வேலை பார்த்ததாகச் சொல்லி என் பெயரைப் பலகையில் எழுதிவிட்டார்கள்.

இதோ, உங்கள் முழங்காலை இடிக்கிறதே, இதுதான் அந்தப் பலகை. மன்னிக்கணும். இப்படித் திருப்பிக்கொள்கிறேன். ஜன்னலோரத்து அண்ணன் மேல் படட்டும், அவர் தூங்குகிறார்.

நீடாமங்கலம் வரைக்கும் வருகிறீர்கள்தானே? நல்லது. முழுசாகக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். சாதகமாக மட்டும் சொல்லவேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பாதகமாகச் சொல்வதாக இருந்தால் காரணம் கேட்பேன்.

பலகையைப் படியுங்கள். 'மகாராணி. மாப்பிள்ளை அழைப்பு வண்டி. உரிமையாளர்: க. பக்கிரிசாமி, மன்னார்குடி.' அவர் என் அப்பா. அதற்குக் கீழே, புது பெயின்ட்டில், 'பராமரிப்பு: செல்வி ப. தில்லைநாயகி, எம்.எஸ்ஸி.' அது நான். அதிலும் ஒரு தப்பு இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடிய இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. புள்ளியியல். புள்ளியியல் படிக்கிறவள் தப்பான தகவலைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு திரிய முடியுமா?

மகாராணி என்பது கார். கூரை கிடையாது. அப்பாவுக்கும் அதற்கும் ஒரே வயது, இரண்டு பேருக்கும் காலையில் எழுந்ததும் இருமல். மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளை இதில்தான் போவார். போவார் என்றால் ஓடுகிற வேகமில்லை. முன்னால் நாதஸ்வரக்காரர் நடப்பார், பின்னால் வண்டி ஊரும். அவர் ஒரு முச்சந்தியில் நின்று மூச்சுப் பிடித்துவிட்டால் வண்டியும் நிற்கவேண்டும். இப்படி ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தால் எந்த இன்ஜினுக்கும் பிளக்கில் கரி பிடிக்கும். பிளக்கில்தானே அக்கா பொறி விழுகிறது? கரி பிடித்தால் பொறி போச்சு. பொறி போனால் வண்டி நின்றது. வண்டி நின்றால் மாப்பிள்ளை கதி என்ன? மண்டபம் வரும்வரை அவர் இறங்கக்கூடாது. சகுனம். மாலையும் கழுத்துமாக நடுரோட்டில் உட்கார்ந்திருக்கவேண்டியதுதான்.

இது நடக்கக்கூடாது என்றுதான் கல்லூரி முதல் வருஷத்திலிருந்து நான் வேலையைக் கையில் எடுத்தேன். நானே எடுத்தேன், யாரும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஊர்வலத்துக்கு முன்னாலும் நாலு பிளக்கையும் கழற்றி, பழைய டூத் பிரஷை பெட்ரோலில் நனைத்துத் தேய்த்து, முனையில் இருக்கிற இடைவெளி பார்த்து மாட்டுவேன். பாயின்ட் என்று ஒன்று உண்டு, ஒரு மூடிக்குள் டக்டக்கென்று திறந்து மூடும், அது திறக்கிற நொடியில்தான் பொறி பிறக்கும். அதை உப்புத்தாளால் ஒரு இழுப்பு. இடைவெளி பார்க்கத் தனியாகத் தகடு விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது தொலைந்து பத்து வருஷம் இருக்கும். ஆனால் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமில்லை. நல்ல கெட்டி அட்டையாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாயின்ட்டுக்கு ஒரு அட்டை கனம், பிளக்குக்கு அதையே இரண்டாக மடித்த கனம். கச்சிதமாக இருக்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

நாலு வருஷம். நூற்றுப் பன்னிரண்டு ஊர்வலம். ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. எல்லாம் நோட்டில் இருக்கிறது, தேதி, பிளக்கின் நிறம், கரியின் அளவு, மாப்பிள்ளையின் எடை உத்தேசமாக. இப்படி ஒரு சாதனைக்கு வீட்டில் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா?

"ஏம்மா, ஓடற வண்டியை எதுக்குக் கழட்டறே?"

"ஓடறதுக்குத்தாம்பா."

"அதான் ஓடுதே."

"கழட்டினதால ஓடுது."

"கழட்டாட்டியும் ஓடும். நான்தான் எலுமிச்சம்பழம் வைக்கிறேனே."

கேட்டீர்களா? நாலு டயருக்கு நாலு எலுமிச்சம்பழம். கிளம்பும்போது ஏற்றி நசுக்குவார். நூற்றுப் பன்னிரண்டு ஊர்வலத்தின் புகழும் அந்தப் பழத்துக்குப் போகிறது! இதுதான் அக்கா இந்த வேலையின் சாபம். ரிப்பேர் பண்ணுகிறவனுக்குக் கைதட்டல் உண்டு. ரிப்பேரே வராமல் பார்த்துக்கொள்கிறவளுக்கு என்ன உண்டு? ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததைக் காட்டி நான் எப்படிப் பெயர் வாங்குவது?

நான் பொறுமையாக விவாதித்தேன். பொறுமையாக என்றால், பக்கத்து வீட்டு விளக்கு எரிகிற அளவுக்கு. "ஒரே ஒரு தடவை எலுமிச்சம்பழம் வைக்காம ஓட்டிப் பாருங்கப்பா. நின்னா உங்க கட்சி."

அதற்கு அப்பா ஈறு தெரியச் சிரித்தார். "ஒரே ஒரு தடவை நீ கழட்டாம இருந்து பாரேன். நின்னா உன் கட்சி."

அந்த இடத்தில்தான் எனக்கு ஞானம் வந்தது. சரி, பார்க்கிறேன்! ஒரு தடவை என்ன, ஒரு மாதம். ஆவணியில் எங்கள் வண்டிக்கு ஏழு ஊர்வலம். கழற்றாமல் விட்டால் மூன்றாவதிலோ நாலாவதிலோ நிற்கும். நின்றே தீரும்.

முறைப்படி நோட்டீஸ் கொடுத்தேன். நான் சட்டத்தை மதிக்கிறவள். 'ஆவணி முதல் தேதியிலிருந்து ஒரு மாத வேலைநிறுத்தம். கோரிக்கை ஒன்றே ஒன்று: வண்டிப் பலகையில் பராமரிப்பாளர் பெயர் இடம்பெற வேண்டும். பெறுநர்: திரு. பக்கிரிசாமி. நகல்: திருமதி வேதவல்லி, தகவலுக்காக.' வேதவல்லி என் அம்மா. அச்செடுத்து, பசை தடவி, பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டினேன்.

ஏன் சிரிக்கிறீர்கள்? உள்பக்கம்தான். இன்ஜின் மேல் அக்கறை உள்ளவர்கள் பார்க்கிற இடம் அதுதானே? அப்பா பானட்டைத் திறக்கவே மாட்டார் என்பது அவருடைய குறை. என் நோட்டீஸின் குறை இல்லை.

முதல் ஊர்வலம் போச்சு. வண்டி நிற்கவில்லை. பரவாயில்லை, போன தடவை நான் செய்த வேலையின் மிச்சம். இரண்டாவது. நிற்கவில்லை. மூன்றாவது, மழையில் வண்டியே ஊறியது, அப்போதும் நிற்கவில்லை. நான் ஒவ்வொரு சாயங்காலமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், நின்றுவிட்டது என்று செய்தி வரும் என்று. பரீட்சை முடிவுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவார். நான் போனைக் கவிழ்த்து வைப்பேன்.

போதாததற்கு அந்த மாதம் வீட்டில் எல்லாமே கோளாறு. பிளக் தேய்க்கிற டூத் பிரஷைக் காணோம். ஒருநாள் துவைக்கிற கல்லின் மேல் பெட்ரோல் வாசனையோடு கிடந்தது. அம்மா குத்துவிளக்கு தேய்க்க எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் எலுமிச்சம்பழத் தோல், கரியோடு. விளக்கில் அவ்வளவு கரியா, எண்ணெய் மாற்றும்மா என்று அறிவுரை சொன்னேன். அம்மா "சரிடி" என்றாள். ஊர்வல நாளில் மட்டும் விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வருவாள். கோலத்தைப் போய்ப் பார்த்தால் நாலு புள்ளி. நாலு புள்ளிக்கு ஒரு மணி நேரமா? வயசாகிறது, கை நடுங்குகிறது போல என்று மனசு கஷ்டப்பட்டது.

இன்னொரு நாள், மாவு அரைக்கும்போது கேட்டாள். "ஏன்டி தில்லை, ரெண்டா மடிச்ச அட்டை பிளக்குக்கா, பாயின்ட்டுக்கா?"

எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துவிட்டது! ஒரு குடும்பத் தலைவிக்கு அறிவியல் ஆர்வம் பிறக்கிற தருணத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கிரைண்டரை நிறுத்திவிட்டு நாற்பது நிமிஷம் விளக்கினேன். வயர்களை ஒரேயடியாகப் பிடுங்கக்கூடாது, வரிசை மாறினால் இன்ஜின் வெடிச்சத்தம் போடும், ஒன்றைக் கழற்று, ஒன்றை மாட்டு, அப்புறம் அடுத்தது. அம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "ஒண்ணு கழட்டு, ஒண்ணு மாட்டு" என்று ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டாள். வீட்டில் ஒருத்தராவது கொள்கையளவில் என் பக்கம் என்று நினைத்தேன்.

ஆறு ஊர்வலம் முடிந்தது. ஆறும் நிற்கவில்லை. கடைசியாக ஏழாவது. மாப்பிள்ளை யார் என்கிறீர்கள்? என் சொந்த அத்தை மகன், செழியன் அத்தான். தாய்மாமன் என்று மாலை மரியாதையோடு வரவேண்டிய அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா சீர்வரிசைத் தட்டு ஏந்திக்கொண்டு பெண்களோடு பின்னால் நடந்தாள். நான் முன் சீட்டில். அன்றைக்கு நேரில் இருந்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். நின்றால் அந்த இடத்திலேயே வாதாட ஆதாரம் வேண்டுமே, நூற்றுப் பன்னிரண்டு ஊர்வல நோட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். நல்ல கனம். மடியில் வைத்தால் புடவை கசங்கும். முன்னால் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது, பையை அதில் மாட்டிவிட்டேன்.

ஆமாம், அது சோக். இழுத்தால் பெட்ரோல் அதிகமாகப் போகும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அக்கா, என் துறை பொறி. பெட்ரோல் வேறு துறை. அதுவுமில்லாமல் பார்ப்பதற்கு அது கொக்கி மாதிரிதான் இருந்தது.

முக்கால் மணி நேரம் நன்றாக ஊர்ந்தது. பிறகு கரும்புகை. ஒரு குலுங்கல், இரண்டு தும்மல், பொட்டென்று நின்றுவிட்டது. எங்கே? 'குளிர்பெட்டி, தேர், அலங்காரம், இருபத்துநாலு மணி நேரமும்' என்று போர்டு போட்ட கடை வாசலில். மாப்பிள்ளைத் தேர் இல்லை அக்கா. கடைசித் தேர்.

நான் சீட்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன். "நின்னுடுச்சு! எல்லாரும் பாருங்க, நின்னுடுச்சு!"

"தில்லை, உக்காரு, வீடியோ எடுக்கறாங்க" என்றார் அத்தான், மாலைக்குள்ளிருந்து.

"எடுக்கட்டும் அத்தான்! ஆதாரம்!"

பின்னாலிருந்து அத்தை ஓடிவந்தாள். "ஏன்டா தம்பி, நிக்கறதுக்கு ஊருல வேற இடமே கிடைக்கலையா உனக்கு? எம் புள்ளையை எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கே!" கடைக்காரர் நல்ல மனுஷன், ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, தானும் உள்ளே போய்விட்டார். நாதஸ்வரக்காரர் மட்டும் நிறுத்தவில்லை.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பானட்டைத் திறந்தாரா? இல்லை. "பழம் சின்னதா இருக்கும்போதே நெனைச்சேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எலுமிச்சம்பழம் வாங்க ஓடினார். நான் முன்னால் போய் பானட்டைத் தூக்கி நிறுத்தி, ஜனங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். நாலு வருஷமாகச் சேர்த்துவைத்த பேச்சு. தடுப்புப் பராமரிப்பு என்றால் என்ன, அதை மதிக்காத சமுதாயம் எங்கே போய் நிற்கும், கையை உயர்த்தி அந்தக் கடையின் போர்டைக் காட்டினேன்.

"நகருடி."

அம்மா. தட்டை அத்தையின் கையில் திணித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். சீர்த்தட்டில் வெற்றிலைக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். பிரித்தாள். உள்ளே நாலு மாற்று பிளக். பளபளவென்று. கூடவே பிளக் ஸ்பேனர். ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சூட்டோடு சூடாக, ஒண்ணு கழட்டு, ஒண்ணு மாட்டு, ஒண்ணு கழட்டு, ஒண்ணு மாட்டு. நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடிக்கவில்லை, நாலும் மாறிவிட்டது. அப்புறம் வண்டிக்குள் எட்டி, என் பையை எடுத்து என் தோளில் மாட்டிவிட்டு, அந்தக் குமிழை உள்ளே தள்ளினாள். பையை ஏன் எடுத்தாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை. அது முக்கியமும் இல்லை.

அப்பா ஓடிவந்தார். நாலு பழம், ஒவ்வொன்றும் மாதுளம்பழம் அளவு. டயருக்கு அடியில் வைத்தார். சாவியைத் திருப்பினார். பிடித்துக்கொண்டது!

"பாத்தியாம்மா?" என்றார்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? நீங்களே சொல்லுங்கள்.

இத்தோடு முடிந்ததா? பத்து நாள் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. அதில் என்ன இருக்கிறது? திறந்த பானட். அதற்கு முன்னால் கையை உயர்த்தி நான். பானட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்திருக்கிற அம்மா துளிகூடத் தெரியவில்லை, முதுகுத்துணி ஒரு விரல்கடை தெரிகிறது, அதுவும் சாமியானா துணி மாதிரி இருக்கிறது. அடுத்த காட்சியில் வண்டி போகிறது. அப்பா அதை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பழத்தாலன்னு நெனைச்சேனே, எம் பொண்ணு இல்ல நின்னு சரி பண்ணியிருக்கா!" என்று நேராக நீடாமங்கலம் போய், பெயின்டரிடம் சொல்லி, இதோ இந்த வரியை எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

கோரிக்கை நிறைவேறிவிட்டதே, அப்புறமென்ன என்கிறீர்களா? அதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது. நாலு வருஷம் வேலை செய்ததற்கு இல்லை, செய்யாத ஒரே மாதத்துக்குப் பெயர்! நான் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, ஆவணி முழுக்க நான் ஸ்டிரைக். ஒரு பிளக்கைத் தொடலை."

"ஸ்டிரைக்கா? எப்போ? சொல்லவேயில்லையேம்மா."

"நோட்டீஸ் ஒட்டினேனே."

"எங்க?"

இழுத்துக்கொண்டு போய் பானட்டைத் தூக்கிக் காட்டினேன். நோட்டீஸ் அப்படியே இருந்தது. 'நகல்: திருமதி வேதவல்லி' என்ற இடத்தில் மட்டும் கட்டைவிரல் ரேகை, கரியில், அழகாக. கீழே பால்பாயின்ட் பேனாவில் ஏழு சின்ன டிக். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "சரி, ஸ்டிரைக்குன்னு எழுதிட்டு நீயே டிக் பண்ணி வேலையும் பாத்திருக்கியே. நல்ல பொண்ணும்மா நீ" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அதனால்தான் பெயின்டரிடம் போகிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் 'ஆவணி நீங்கலாக' என்று சேர்க்கவேண்டும். அப்போதுதான் வரலாறு சரியாகும். வேலைநிறுத்தம் பதிவாகும்.

அம்மாவா? ஆமாம், அம்மாவை எப்படி விடுவேன்? நேற்று சாயங்காலம் அடுக்களையில் வைத்து நேருக்கு நேர் கேட்டேன். "நீ செஞ்சதுக்குப் பேர் என்ன தெரியுமா? போராட்டத்தைக் காட்டிக்கொடுக்கறது. நீ ஒரு கருங்காலி!"

"தகவலுக்காகன்னு என் பேரு போட்டிருந்தியே. தகவல் தெரிஞ்சுது, செஞ்சேன்" என்றாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே.

"இதையெல்லாம் யார் உனக்குக் கத்துக்கொடுத்தது?"

"நாலு வருஷமா நீதானே கத்திக்கிட்டிருக்கே. காதை என்ன கழட்டியா வைக்க முடியும்?"

அப்புறம் நியாயமாகவே கேட்டேன் அக்கா, என்னை யாரும் நியாயம் தெரியாதவள் என்று சொல்லக்கூடாது. "சரிம்மா. ஏழு ஊர்வலம் நீ பாத்துக்கிட்டே. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அன்னிக்கு ரோட்டுல அவ்வளவு பேர் நின்னாங்க, அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் இத்தனை வருஷமா இதுக்காகத் தொண்டை கிழியப் பேசறேன், நீ ஏன் வாயைத் திறக்கவே இல்லை?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நானும் பேச ஆரம்பிச்சுட்டா, இந்த வீட்டுல கேக்கறதுக்கு யாருடி இருக்கா?" என்றாள்.